விடிகாலை பஸ்ஸும் நடுராத்திரி பரோட்டாவும்: காரைக்குடி மாணவர்களின் தூக்கமும் மனமும்

கல்லூரிகளில் மனநலம் பற்றிக் கூட்டம் போட்டால், முடிவில் மாணவர் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பட்டியல்தான். சீக்கிரம் படு, சீக்கிரம் எழு, காலைச் சாப்பாட்டை விடாதே, தினமும் நட, போனைத் தள்ளி வை, யோகா செய். எதுவும் தப்பில்லை. ஆனால் இதில் எது தன் கையில் இருக்கிறது, எது பஸ் நேரத்தின் கையிலும் மெஸ் நேரத்தின் கையிலும் இருக்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் பட்டியலைக் கடைப்பிடிக்க முடியாத பிள்ளை, ஏற்கெனவே இருக்கிற பாரத்தோடு ‘எனக்கு ஒழுக்கமில்லை’ என்கிற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கிறது.

காரைக்குடியைச் சுற்றிப் படிக்கிறவர்களை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் இங்கே கலைக் கல்லூரியைத் தொடங்கினார். 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. ‘சிக்ரி’ என்று ஊரே கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது 1953-ல் திறக்கப்பட்டது. அழகப்பா பல்கலைக்கழகம் 1985-ல் உருவானது. ஒரு காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வியாபாரத்துக்குக் கிளம்பிப் போன ஊருக்கு, இப்போது சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் படிக்க வந்து இறங்குகிறார்கள். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நிறையப் பேர். சிலர் தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்கள், சிலர் ஹாஸ்டலில், சிலர் நாலைந்து பேராகச் சேர்ந்து எடுத்த வாடகை அறையில்.

திருவாடானைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிற ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, அம்மாவுக்குக் கைவேலை செய்து முடித்துக் கிளம்ப வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு முன்னாலேயே எழ வேண்டும். தேவகோட்டையில் ஒரு பஸ் மாறவேண்டும். மகளிர் விடியல் பயணம் வந்தபிறகு டிக்கெட் காசு மிச்சம். ஆனால் கட்டணமில்லாப் பேருந்து வருகிற நேரத்துக்குத்தான் நம் நாளை வளைக்க முடியும். காசு மிச்சமான இடத்தில் நேரம் செலவாகிறது. சாயங்காலம் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்கும்போது பதினோரு மணி. அந்த நாளில் அவளுக்கென்று சொந்தமாக ஒரு நேரம் கிடைப்பது அதற்கப்புறம்தான். அப்போது போனைக் கையில் எடுக்கிறாள். அவளிடம் போய்ப் ‘போனை வைத்துவிட்டுப் படு’ என்று சொல்வது சுலபம்.

ஹாஸ்டல்காரர்களுக்குக் கதை வேறு, முடிவு ஒன்றுதான். மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கே முடிந்துவிடும். பதினோரு மணிக்குப் பசிக்கும். வெளியே போக முடிந்த பையன்களுக்குப் பரோட்டாக் கடை, முடியாதவர்களுக்குக் கெட்டிலில் கொதிக்கும் நூடுல்ஸ். வயிறு நிறைந்தபிறகு ஒரு மேட்ச், ஒரு அரட்டை, படுக்கும்போது இரண்டு மணி. காலையில் இட்லியா வகுப்பா என்றால் வகுப்பு. இரண்டில் ஒன்று மட்டும் முடியும் என்றால் இன்னும் பத்து நிமிடத் தூக்கம்.

இந்த இருவருக்கும் பொதுவாகப் பறிபோவது தூக்கம். என்னைக் கேட்டால், மாணவர் மனநலம் பற்றிப் பேசுகிறவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைத்தான் தொடவேண்டும்.

தூக்கம் ஏன் முதலில்

பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இதைவிட முக்கியமான ஒரு விஷயம் நம் வீடுகளில் அதிகம் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வயதோடு நகர்கிறது. குழந்தைப் பருவத்தில் சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழும். பருவ வயதில் மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய், இருபது வயதை ஒட்டி வாழ்நாளிலேயே மிகத் தாமதமான நிலைக்கு வருகிறது. அப்புறம் மறுபடி முன்னுக்கு நகர ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களின் தூக்க நேரத்தைத் தொகுத்து 2004-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஆக, பத்தொன்பது வயதுப் பையன் பத்து மணிக்குப் படுத்தும் புரண்டுகொண்டிருந்தால் அதை முழுக்கவும் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுத முடியாது. உடம்பு தாமதமாகத் தூங்கச் சொல்கிறது. பஸ் சீக்கிரம் எழச் சொல்கிறது. நடுவில் வெட்டுப்படுவது தூக்கம்.

தூக்கம் குறைந்தால் மனசுக்கு என்ன ஆகும்? மூளையில் பயத்தையும் ஆபத்தையும் உணரும் பகுதி கூடுதலாக எகிறுகிறது. அதைத் தட்டி அடக்கி வைக்கும் முன்மூளைப் பகுதியின் பிடி தளர்கிறது. சாதாரண நாளில் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) முறைத்துப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகிறவன், மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிய நாளில் அதையே இரவு வரைக்கும் மனசில் போட்டு உருட்டுவான். எரிச்சல், அழுகை, ‘நாம எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், எல்லாம் அங்கிருந்து கிளைக்கலாம்.

மனசு சரியில்லாததால் தூக்கம் போகிறதா, தூக்கம் போனதால் மனசு கெடுகிறதா என்ற கேள்விக்கு நீண்டநாள் வரை முதல் பதில்தான் சொல்லப்பட்டது. இரண்டும் உண்டு என்று இப்போது தெரிகிறது. பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த, தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்களை வைத்து நடந்த சோதனை 2017-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இணையவழியில் தூக்கமின்மைக்கான சிந்தனை-நடத்தைப் பயிற்சி மட்டும் தரப்பட்டது. மனநலத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. அவர்களுக்குத் தூக்கம் தேறியது. கூடவே தேவையற்ற சந்தேக எண்ணங்களும், மனச்சோர்வும், பதற்றமும் குறைந்தன. தூக்கத்தைச் சரி செய்தால் மனசும் ஓரளவு பின்னாலேயே வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அந்தப் பயிற்சியின் சாரத்தில் நம் ஊர் மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. படுக்கிற நேரத்தோடு மல்லுக்கட்டாமல் எழுகிற நேரத்தைக் கட்டிப் போடுவது. படுக்கிற நேரம் நம் பேச்சைக் கேட்காது, எழுகிற நேரம் கேட்கும். பஸ் பிடிக்கிற நாளில் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை பதினொன்று என்று இருந்தால் உடம்புக்கு ஒவ்வொரு வாரமும் வெளிநாடு போய் வந்த கிறக்கம்தான். ஞாயிறும் ஆறு, ஆறரைக்குள் எழுந்து வெளிச்சத்தில் கொஞ்சம் நின்றால் இரவுத் தூக்கம் தானாக முன்னுக்கு வரும். மதியம் அரை மணி கண்ணயர்வது நல்லது, மூன்று மணிக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் குடித்த காபியின் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் பரீட்சைக் காலத்தில் நினைவில் வைக்கலாம்.

சுட்ட சுவரில் தூக்கம்

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு சங்கடம் வெக்கை. தூங்கப் போகும்போது உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கவேண்டும். இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் பிடிக்கும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டவில்லை. ஆனால் கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, காற்றை இழுத்து வெளியே விடும் முற்றம், வெறுங்காலுக்கு ஜில்லென்றிருக்கும் ஆத்தங்குடிக் கல் என்று ஒவ்வொன்றும் சூட்டை வெளியே நிறுத்துகிற வேலையைத்தான் செய்கிறது. அந்த வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில ஹோட்டல்களாக மாறிவிட்டன. மாணவர்கள் தங்குவது கான்கிரீட் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒரு ஜன்னலும் ஒரு ஃபேனும் உள்ள அறையில். பகல் முழுக்கத் தளம் வாங்கிக்கொண்ட வெயிலை ராத்திரி முழுக்க உள்ளே இறக்குகிறது. ஃபேன் அந்தச் சூட்டையே சுழற்றுகிறது. மொட்டை மாடியில் படுத்தால் கொசு.

இதில் கொடுமை என்னவென்றால், செமஸ்டர் பரீட்சையும் வெயிலும் கைகோத்துக்கொண்டு வரும். ஏப்ரல் பரீட்சை மே வரை இழுத்தால் கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும். படிப்புச் சுமையால் தூக்கம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உண்மையில் அறை வேகிறது. தளத்துக்கு மேலே வெள்ளை அடிப்பது, சாயங்காலம் தண்ணீர் தெளிப்பது, மேல்மாடி அறைகளை ஏப்ரல், மே மாதங்களில் காலிசெய்து கீழே இடம் கொடுப்பது, மாடியில் கொசுவலை கட்டக் கம்பி போட்டுக் கொடுப்பது எல்லாம் ஹாஸ்டல் நிர்வாகம் செய்யக்கூடிய மனநல வேலைதான். ஒரு கருத்தரங்குக்குப் பேனர் அடிக்கும் செலவில் இதில் ஒன்றிரண்டு முடிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம்

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மிளகு தூக்கலான கோழிதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே வீடுகளில் தினசரிப் புழக்கத்தில் இருப்பது வேறு: இடியாப்பம், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, உளுந்தும் பயறும் சேர்ந்த கும்மாயம், கீரை, பருப்பு, விசேஷத்துக்குக் கவுனி அரிசி. இதிலிருந்து மெஸ் சாப்பாட்டுக்கு வரும்போது பருப்பும் காயும் சுருங்கி, வெள்ளைச் சோறும் தண்ணீர் சாம்பாரும் பெருகிவிடுகின்றன. அப்புறம் பரோட்டா.

சாப்பாட்டுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்று ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2017-ல் வெளியானது. காய், பழம், பருப்பு, மீன், முழுத்தானியம் என்று மாறச்சொல்லிப் பன்னிரண்டு வாரம் வழிநடத்தப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு விலகியது. வெறுமனே பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் அந்த அளவு 8 சதவீதம். சின்ன சோதனைதான். அவர்கள் தங்கள் வழக்கமான சிகிச்சையையும் நிறுத்தவில்லை. ‘சாப்பாடே மருந்து, மாத்திரையைத் தூக்கிப் போடு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைக்கு இதில் இடமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இரும்புச்சத்து. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையின் அடையாளங்களைப் பாருங்கள்: எப்போதும் அசதி, எதிலும் ஈடுபாடு இல்லாமை, கவனம் சிதறுவது, எரிச்சல். மனச்சோர்வின் அடையாளங்களும் ஏறக்குறைய இவையேதான். காலையில் வெறும் டீயோடு பஸ் ஏறி, மதியம் அரை டப்பா சோறு சாப்பிட்டு வருகிற பெண்ணுக்கு ஆலோசனை சொல்வதற்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடலாம்; தைராய்டும் பார்த்துவிட்டால் நல்லது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவேண்டும் என்பது சின்ன விஷயம்தான், ஆனால் பலருக்குத் தெரியாது.

அரசின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கானது. கல்லூரிப் பிள்ளைகள் பலருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த ஆயிரம் சிலருக்கு மெஸ் பில், சிலருக்கு பஸ், சிலருக்கு வீட்டில் கேட்கிற கடன் தவணை. கல்லூரி கேன்டீனில் எட்டரை மணிக்கு இரண்டு இட்லியும் சுண்டலும் மலிவாகக் கிடைத்தால், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

நடை, போன்

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. வேக நடையே போதும். லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி பலன் தருகிறது என்பதற்கு நிறையச் சான்று இருக்கிறது. காரைக்குடியில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை; பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்விக் கல்லூரியே உண்டு. ஆனால் டே-ஸ்காலர் பிள்ளை ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்றால் பஸ் போய்விடும். விளையாட்டு நேரத்தை வகுப்பு நேரத்துக்குள் கொண்டுவராமல் ‘ஃபிட்னஸ்’ பற்றிப் பேசுவது ஹாஸ்டல் பையன்களுக்கு மட்டும் பேசுவதாகத்தான் முடியும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடிப் பழனிக்குக் கிளம்பும்போது, தெருமுனைக் கடைக்கே வண்டி எடுக்கிறவர்கள்கூட நாள் கணக்கில் நடக்கிறார்கள். கூட்டம் நடக்கிறது, பாட்டு நடக்கிறது, வழியில் சாப்பாடு கிடைக்கிறது, கால் தானாக வருகிறது. தனியாக ஒரு ஆப்பில் அடி எண்ணிக்கொண்டு நடப்பதில் இந்த இழுப்பு கிடையாது. மாணவர்களுக்கு உடற்பயிற்சி மனசுக்கு உதவுகிறது என்றால், அதில் கூட இருக்கிற ஆட்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். மூன்று பேர் சேர்ந்து பஸ் நிலையத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தால், பேச்சும் ஆச்சு, நடையும் ஆச்சு.

போன் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து 2018-ல் வெளியான சோதனையில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளுக்குத் தலா பத்து நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. யாரையும் முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை, குறைத்தார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்குப் போனில்தான் பாடக் குறிப்பும் பஸ் தகவலும் வீட்டுப் பேச்சும் வருகிறது. பிடுங்கி வைப்பது தீர்வாகாது. படுக்கும் இடத்திலிருந்து கை எட்டாத தூரத்தில் சார்ஜ் போட்டால் போதும்.

பழக்கம் போதாத இடம்

இதுவரை சொன்னதெல்லாம் உதவும். ஆனால் நோய் வந்துவிட்ட இடத்தில் பழக்கம் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் எட்டு நாடுகளின் 19 கல்லூரிகளில் ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் எடுத்த கணக்கில், மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருந்திருக்கிறது. மனநோய்களில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தலைகாட்டிவிடும். கல்லூரி அந்த வயதின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகிவிட்டன, வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது, ‘நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது’ என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அது நடையாலும் கீரையாலும் தீர்கிற விஷயமில்லை. கடைசியாகச் சொன்ன பேச்சு வந்துவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது. நம் பக்கம் பலர் இதை மனசின் பெயரில் சொல்லமாட்டார்கள். தலை பாரம், நெஞ்சு படபடப்பு, வயிற்றில் என்னவோ போல இருக்கிறது என்றுதான் வரும். நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். இந்தப் பகுதியின் பெரியவர்களுக்கு மனநோய் என்றதும் இன்றும் அந்தச் சங்கிலிதான் கண்முன் வருகிறது. மகளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக ஒரு தகப்பனார் தயங்கினால், அதில் அறியாமையைவிடப் பயம்தான் கூடுதல். கல்யாணம் நின்றுபோகுமே என்ற கவலை தனி.

சட்டம் அதற்கப்புறம் நிறைய நகர்ந்திருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று வழிகாட்டியது. பல இடங்களில் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஆசிரியருக்கே அந்தப் பொறுப்பையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் போய், ‘சார், எனக்கு ராத்திரியெல்லாம் அழுகை வருது’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஆலோசகர் வெளி ஆளாக இருக்கவேண்டும். அவர் அறை ஸ்டாஃப் ரூமைத் தாண்டித்தான் போகவேண்டும் என்கிற இடத்தில் இருக்கக் கூடாது.

அதுவரைக்கும் இருக்கிற வழிகள்: 14416 என்ற டெலி மானஸ் எண் இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிவகங்கையில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். முதல் தடவை கூட ஒரு சிநேகிதர் போவது நல்லது, உள்ளே வரவேண்டியதில்லை, பஸ்ஸில் கூட உட்கார்ந்தாலே போதும். ஒரே சிக்கல், ஓ.பி. நடப்பது காலையில், காரைக்குடியிலிருந்து போய் வந்தால் அன்றைய வகுப்பு போச்சு. எழுபத்தைந்து சதவீத அட்டென்டன்ஸ் கணக்கில் பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிற நிலை அதனால் வருகிறது. விளையாட்டுப் போட்டிக்கு ஓ.டி. (வராத நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுக்கும் ‘ஆன் டியூட்டி’) கொடுக்கிற கல்லூரி, மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கப் போகிற மாணவருக்கும் எந்தப் பிரிவு, என்ன நோய் என்று துருவாமல், மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து ஓ.டி. போட்டுக் கொடுக்கலாம். அதற்குத் துறைத் தலைவரின் ஒரு கையெழுத்து போதும்.